பனிச்சிறுத்தையும் பட்டி ஆடும்

லடாக்கின் கிழக்கு எல்லையில் உள்ள சுஷூல் கிராமம் தமிழ் வாசகர்களுக்குப் போர்ச் செய்திகளின் வழியாகவே அறிமுகமானது. 1962-ம் ஆண்டு ரெசாங் லா கணவாயில் இந்திய வீரர்கள் கடைசித் தோட்டா வரை போராடி மடிந்தது அதன் அருகில்தான். 2020-ம் ஆண்டு எல்லையில் பதற்றம் முற்றியபோது இரு நாட்டு ராணுவத் தளபதிகள் பேச்சு நடத்திய இடம் என்பதால் மீண்டும் அதன் பெயர் நாளேடுகளில் இடம்பெற்றது. அதே கிராமம் செய்துகொண்ட வேறோர் உடன்பாடு தலைநகரில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது ஓநாய்களுடன் செய்துகொண்ட உடன்பாடு.

லடாக்கில் ஓநாயைப் பிடிப்பதற்கென்றே கல்லால் கட்டப்பட்ட குழிகள் உண்டு. அவற்றுக்கு 'ஷாங்டோங்' என்று பெயர். அடியில் அகன்றும், மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சாய்ந்தும் அமைந்த சுவர்கள். உள்ளே இரையாகக் கட்டப்பட்ட ஓர் ஆடு. உள்ளே குதித்த ஓநாயால் வெளியேற இயலாது. பிறகு ஊரார் கூடிக் கல்லெறிந்து கொல்வார்கள். மந்தையை இழந்த குடும்பங்களின் கோபம் தலைமுறை தலைமுறையாகத் தணிந்த இடம் அந்தக் குழி. 2010-களின் பிற்பகுதியில் சுஷூல் மக்கள் தங்கள் குழிகளின் சுவரில் ஒரு பகுதியை அகற்றி, விழும் விலங்கு வெளியேற வழி செய்தார்கள். முன்னோர் கட்டியதை முற்றாக இடித்துவிடவில்லை. அருகிலேயே ஒரு புத்த ஸ்தூபியை எழுப்பி, குருமார்களை அழைத்து வழிபாடும் நடத்தினார்கள்.

இந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் காரணம் அல்ல. ஓநாயைக் கொல்வது பல ஆண்டுகளாகவே சட்டப்படி குற்றம்தான். சட்டப் புத்தகத்தில் தடை இருந்த காலமெல்லாம் குழிகளும் இருந்தன. வனவிலங்கு ஆர்வலர்கள் அந்த மக்களிடம் சென்று, அவர்களது இழப்பைக் கேட்டு, பட்டிகளைப் பலப்படுத்த உதவி, பல மாதங்கள் பேசிய பிறகே சுவர் திறந்தது. மலையில் வனவிலங்கைக் காப்பது வேலியா, வழக்கா, அல்லது அங்கு வாழ்பவரின் சம்மதமா என்ற கேள்விக்கு சுஷூல் ஒரு விடையைத் தந்திருக்கிறது. தில்லியில் இயற்றப்படும் சட்டங்கள் அந்த விடையைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றனவா என்பதே இன்றைய கேள்வி.

2024-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் முதலாவது பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பு முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 1,20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1,971 இடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வு அது. இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக அது மதிப்பிட்டது. லடாக்கில் 477, உத்தரகண்டில் 124, இமாசலப் பிரதேசத்தில் 51, அருணாசலப் பிரதேசத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு-காஷ்மீரில் 9. மூன்றில் இரண்டு பங்கு லடாக்கில் வாழ்கிறது. மகிழ்ச்சிக்குரிய இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் அரசு விளம்பரங்கள் சொல்லாத ஓர் உண்மை இருக்கிறது. அந்த 718 விலங்குகளும் மனிதர் இல்லாத வனாந்தரத்தில் வாழவில்லை. ஆடும் செம்மறியும் யாக்கும் குதிரையும் மேயும் அதே சரிவுகளில்தான் வாழ்கின்றன. மந்தையில் ஓர் ஆட்டை இழந்தவன், சிறுத்தையின் தடத்தைப் பார்த்தும் பழிவாங்காமல் வீடு திரும்பிய நாள்களின் கூட்டுத்தொகையே அந்த எண்ணிக்கை.

அந்தப் பொறுமையின் விலை சிறியதல்ல. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில் உள்ள கிப்பர் சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் 1990-களின் நடுவில் ஆய்வாளர் சாருதத் மிஸ்ரா ஓர் ஆய்வு நடத்தினார். 18 மாதங்களில் தங்கள் கால்நடைகளில் 18 சதவீதத்தைக் காட்டு விலங்குகளிடம் இழந்ததாக அந்த மக்கள் கூறினார்கள். ஒரு குடும்பத்தின் இழப்பு, அங்கு ஒரு தனிநபரின் சராசரி ஆண்டு வருமானத்தில் பாதிக்குச் சமமாக இருந்தது. மாதச் சம்பளக்காரர் எவரும் தன் வருமானத்தில் இத்தகைய பங்கை ஆண்டுதோறும் நாட்டின் இயற்கைச் செல்வத்துக்காக விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படுவதில்லை. மலையில் ஆடு மேய்ப்பவர் மட்டும் கேட்கப்படுகிறார். கேட்கப்படுகிறார் என்பதுகூடச் சரியல்ல, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இழப்பீடு இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லலாம். மனித உயிரிழப்புக்கான கருணைத்தொகையை மத்திய அரசு 2023-ம் ஆண்டு டிசம்பரில் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது உண்மை. ஆனால் கால்நடை இழப்புக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விகிதம் வகுக்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தொகை ஓர் உரிமையாக எழுதப்படவில்லை. அது அரசின் கருணை. பனிப் பள்ளத்தாக்கில் கிடக்கும் உடலைக் காட்ட வேண்டும், கொன்றது எந்த விலங்கு என்று மெய்ப்பிக்க வேண்டும், வனத்துறை ஊழியர் வந்து பார்க்க வேண்டும், கோப்பு நகர வேண்டும். சாலை பனியில் மூடிக்கிடக்கும் மாதங்களில் இவை அனைத்தும் நடக்க வேண்டும். விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுபவர்கள் பலர் என்றால் அதில் வியப்பில்லை. மறுபுறம், பனிச்சிறுத்தையைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். தண்டனை உறுதியான விதியாகவும், ஈடு உறுதியற்ற சலுகையாகவும் இருக்கும் சட்டம் எந்த மக்களிடமும் நட்பை வளர்க்காது.

இந்த இடைவெளியை நிரப்ப கிப்பர் மக்கள் கண்ட வழி கவனிக்கத்தக்கது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புடன் பேசி, 1998-ம் ஆண்டு தங்கள் மேய்ச்சல் நிலத்தில் சுமார் 500 ஹெக்டேரில் கால்நடைகளை விடுவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாகக் கிராமத்துக்கு ஒரு தொகை கிடைத்தது. பனிச்சிறுத்தையின் இயல்பான இரையான பரல் எனும் மலை ஆடுகள் அந்த நிலத்தில் பெருகின. 2002-ம் ஆண்டு கால்நடைக் காப்பீடும் தொடங்கியது. உரிமையாளர்கள் சந்தா செலுத்துவார்கள், வெளியிலிருந்து ஒரு பங்கு வரும், இழப்பை ஊர்க் குழுவே சரிபார்த்துப் பணம் வழங்கும். கவனமாக மேய்த்து இழப்பைக் குறைத்தவர்களுக்குப் பரிசும் உண்டு. பொய்க் கணக்குச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே நட்டம் என்பதால் மோசடிக்கு இடமில்லை. தொலைவிலுள்ள அலுவலகத்தால் முடியாததை ஊர்ப் பஞ்சாயத்தால் செய்ய முடிந்தது.

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற சிற்றூர்களில் வேறொரு முயற்சி நடந்தது. பனிச்சிறுத்தை இரவில் ஆட்டுப் பட்டிக்குள் இறங்கினால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. அடைபட்ட மந்தையின் கலவரத்தில் கண்ணில் பட்டவற்றையெல்லாம் கொன்றுவிடுகிறது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் போய்விடும். பட்டியின் கூரையைக் கம்பி வலையால் மூடி, கதவை இறுக்கமாக அமைத்தாலே இதைத் தடுக்க முடியும் என்று ரிஞ்சன் வாங்சுக் போன்றோர் செயல்படுத்திக் காட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில், சுற்றுலாப் பயணிகளைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து வருமானம் ஈட்டும் முறையும் அங்கு வளர்ந்தது. சிறுத்தையால் ஆட்டை இழந்த அதே குடும்பத்துக்கு, சிறுத்தையைக் காண வருபவரால் வருவாய் கிடைத்தது. அதில் பெரும்பகுதி இல்லத்தரசிகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இத்தகைய ஊர்களைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது? தேசியப் பூங்காக்கள் குறித்த 35-வது பிரிவு, கால்நடைகள் அங்கு மேய்வதையும் நுழைவதையும் தடை செய்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அனுமதி பெற்றவரின் வாகனமாகப் பயன்படும் விலங்கு நுழையலாம். அதாவது பயணியைச் சுமந்துவரும் குதிரைக்கு வழி உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த ஆட்டுக்கு வழி இல்லை. ஹெமிஸ் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். 1981-ம் ஆண்டு அது பூங்காவாக அறிவிக்கப்பட்டபோதே உள்ளே கிராமங்கள் இருந்தன, மந்தைகள் இருந்தன, மடாலயங்கள் இருந்தன. 2019-ம் ஆண்டு லடாக் யூனியன் பிரதேசமான பிறகு மத்தியச் சட்டமே அங்கும் பொருந்துகிறது. அதை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் ஹெமிஸ் கிராமங்களின் ஒவ்வோர் ஆடும் அத்துமீறிய ஆடாகிவிடும். நடைமுறையில் எவரும் அவ்வாறு செய்யவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் அதிகாரியின் பெருந்தன்மையில் தொங்கும் வாழ்க்கை உரிமையுள்ள வாழ்க்கை ஆகாது.

2022-ம் ஆண்டு இச்சட்டத்துக்கான திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது ஒரு வாய்ப்பு வந்தது. சரணாலயங்களில் அனுமதிக்கப்பட்ட மேய்ச்சலும், உள்ளூர் மக்கள் குடிநீர் எடுப்பதும் தடைசெய்யப்பட்ட செயல்கள் ஆகா என்று அத்திருத்தம் தெளிவுபடுத்தியது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் தேசியப் பூங்காக்களின் மேய்ச்சல் தடையை அது தொடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே நாடாளுமன்றம் 2006-ம் ஆண்டு டிசம்பரில் வேறொரு சட்டத்தை இயற்றியிருக்கிறது. வன உரிமைச் சட்டம் என்று அழைக்கப்படும் அச்சட்டம், தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் உள்ளடக்கிய வன நிலங்களில் மேய்ச்சல் உரிமையை அங்கீகரிக்கிறது. பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் மேய்ப்பர்களின் உரிமையும் அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வனவிலங்குகளுக்கு மிக இன்றியமையாத பகுதிகளிலிருந்து மக்களை இடம்பெயர்க்க வேண்டுமானால், முதலில் அவர்களது உரிமை அங்கீகரிக்கப்பட வேண்டும்; மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ்வது போன்ற மாற்று வழிகள் இல்லை என்று மாநில அரசு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்; கிராம சபையின் சம்மதம் வேண்டும். ஒரு சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். மற்றொன்று பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் கையில். ஒன்று ஆட்டை வெளியே நிறுத்துகிறது. மற்றொன்று உள்ளே அழைக்கிறது. இரண்டையும் இயற்றிய அவைகள் இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல், அதை மலையடிவாரத்து வனக்காவலர் தலையிலும் மேய்ப்பர் தலையிலும் இறக்கி வைத்துவிட்டன.

சம்மதம் கேட்காமல் போட்ட வேலி என்ன விளைவைத் தரும் என்பதற்கு உத்தரகண்டின் நந்தாதேவி சான்று. தௌலிகங்கா பள்ளத்தாக்கின் ரேணி கிராமத்தில்தான் 1974-ம் ஆண்டு கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் கட்டியணைத்து ஒப்பந்தக்காரர்களின் கோடரிகளைத் தடுத்தார்கள். சிப்கோ இயக்கத்தை உலகறியச் செய்த நிகழ்ச்சி அது. எட்டே ஆண்டுகளில், 1982-ல், நந்தாதேவி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடைக்கால மேய்ச்சல் நிலங்கள் அடைபட்டன. மலையேறுவோருக்குச் சுமை தூக்கிப் பெற்றுவந்த கூலியும் நின்றது. காட்டைக் காத்தவர்களே காட்டுக்கு அந்நியர் ஆனார்கள். 1998-ம் ஆண்டு பக்கத்திலுள்ள லாதா கிராமத்து மக்கள் தடையை மீறிப் பூங்காவுக்குள் நுழைந்து உரிமை கோரும் நிலை உருவானது. காட்டின் மீதும் விலங்கின் மீதும் அவர்களுக்குப் பகை இல்லை. தங்களைக் கேட்காமல் போடப்பட்ட கோட்டின் மீதுதான் பகை.

இந்தக் கோடுகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இமாசலப் பிரதேசத்தின் மாபெரும் இமயமலைத் தேசியப் பூங்கா 1999-ம் ஆண்டு இறுதியாக அறிவிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் காலத்திலேயே பதிவான மேய்ச்சல், மூலிகை சேகரிப்பு உரிமைகள் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதே வேளையில், ஜீவா ஓடைப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி பூங்கா எல்லையிலிருந்து விலக்கப்பட்டுப் பார்வதி நீர்மின் திட்டத்துக்கு இடம் தரப்பட்டது. மேய்ப்பருக்கு நகராத எல்லைக்கோடு மின்திட்டத்துக்கு நகர்ந்தது. ரேணியின் காலடியில் கட்டப்பட்ட ரிஷிகங்கா நீர்மின் திட்டம் 2021-ம் ஆண்டு பிப்ரவரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நந்தாதேவி உயிர்க்கோளக் காப்பகத்தில் ஆடு மேய்ந்தால் அழியும் என்று கருதப்பட்ட இயற்கை, அணை கட்டினால் அழியாது என்று எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பதற்கு இதுவரை விளக்கம் இல்லை.

லடாக்கின் சாங்தாங் சமவெளியிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. பஷ்மினா ஆடுகளை மேய்த்து வாழும் சாங்பா மக்களின் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி, 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டம் திட்டமிடப்பட்டது. அதன் மின்தடத்துக்காக மத்திய அமைச்சரவை 2023-ம் ஆண்டு அக்டோபரில் 20,773 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தூய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு மேயும் ஆட்டுக்கும், அதை அண்டி வாழும் ஓநாய்க்கும், காட்டுக் கழுதையான கியாங்குக்கும் இடம் எது என்ற கேள்விக்கு, அந்தச் சமவெளியின் கிராம மன்றங்கள் முன்னிலையில் விடை சொல்லப்பட வேண்டாமா?

மறுதரப்பின் அச்சத்தையும் புறக்கணிக்க முடியாது. மேய்ப்பர்கள் அனைவரும் இயற்கையின் காவலர்கள் என்று கவிதை பாடுவது உண்மையாகாது. பஷ்மினாவின் சந்தை விலைக்காக ஆடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கினால் புல்வெளி தேயும். பரல் பட்டினி கிடக்கும். இரை குறைந்த சிறுத்தை பட்டியைத் தேடி வரும். சுற்றுலா வரம்பு மீறினால் குப்பை பெருகும். குப்பையை நம்பித் தெருநாய்கள் பெருகும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் நாய்க்கூட்டங்கள் இன்று மந்தைகளையும் வேட்டையாடுகின்றன, வனவிலங்குகளையும் விரட்டுகின்றன. ஆகவே கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை யார் விதிப்பது, யார் காப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிப்பரில் 500 ஹெக்டேரை விட்டுக்கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. தன்னுடையது என்று ஏற்கப்பட்ட நிலத்தைத்தான் ஒருவரால் விட்டுக்கொடுக்க முடியும். உரிமையை அங்கீகரித்த பிறகே பொறுப்பைக் கேட்க முடியும். உரிமையைப் பறித்துவிட்டுப் பொறுப்பை எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

இது இமயமலைக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறைத்தது. தேனி மாவட்டத்தின் மலைமாடு வளர்ப்போரும் பர்கூர் மலையின் மாடு வளர்ப்போரும் அன்று எழுப்பிய கேள்வி, சாங்பா மேய்ப்பரின் கேள்வியிலிருந்து வேறுபட்டது அல்ல.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. காட்டு விலங்கால் ஏற்படும் கால்நடை இழப்புக்கு ஈடு பெறுவதைச் சட்ட உரிமையாக்கி, அதற்குக் காலக்கெடு விதிக்க வேண்டும். கிப்பரைப் போல ஊரே நடத்தும் காப்பீட்டுக்கும், பட்டிகளைப் பலப்படுத்துவதற்கும் மத்திய நிதியில் நிரந்தரப் பங்கு ஒதுக்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படி மேய்ச்சல் உரிமை பெற்ற மலைக் கிராமங்களுக்குத் தேசியப் பூங்காவின் முழுத் தடை பொருந்தாது என்று 35-வது பிரிவைத் திருத்த வேண்டும். மந்தையின் அளவையும் மேய்ச்சல் பருவத்தையும் கிராம சபையும் வனத்துறையும் சேர்ந்து வகுக்கலாம். மேய்ப்பருக்கு எந்த அளவுகோலோ, அதே அளவுகோல் மின்திட்டத்துக்கும் சாலைக்கும் வேண்டும்.

2009-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய பனிச்சிறுத்தைத் திட்டமே, காப்பகங்களுக்கு வெளியிலும் ஏராளமான வனவிலங்குகள் வாழ்கின்றன, மக்களின் பங்கேற்பு இல்லாமல் அவற்றைக் காக்க இயலாது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. கொள்கை ஆவணத்தில் ஏற்றுக்கொண்டதைச் சட்டத்தில் எழுதத் தயங்குவது ஏன்? இமயமலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் வாக்காளர்கள் குறைவு. லடாக் முழுமைக்கும் மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். வாக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே அவர்களது இழப்பும் குறைவாகக் கணக்கிடப்படுகிறது என்ற ஐயம் எழுந்தால், அதை மறுக்கும் கடமை அரசுக்கும் அவைகளுக்கும் உண்டு.

மேய்ப்பர்களின் பிள்ளைகள் லே நகரத்துக்கும் சண்டீகருக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மந்தையும் மேய்ப்பரும் இல்லாத மலையில் சிறுத்தை பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் மேய்ப்பர் வெளியேறிய மலை வெறுமையாகக் கிடப்பதில்லை. சாலையும் சுரங்கமும் விடுதியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றிடம் பேசி உடன்பாடு காண பனிச்சிறுத்தையால் முடியாது. சுஷூலில் குழியின் சுவரைத் திறந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். சட்டத்தின் சுவரில் ஒரு வழி திறக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் பங்கு.